அறுநூறாவது மீட்டரில் நின்ற பெண்: ஒரு நிகழ்வு ஆய்வு

செக்கானூரணிப் பக்கத்துக் கிராமம். பதினொன்றாம் வகுப்பு மாணவி, வயது 16, ஓடுவது 800 மீட்டர். ஆகஸ்ட் மாதம் ஒரு நள்ளிரவில் தேனி சாலையில் நடந்த விபத்தில் அப்பா இறந்துபோனார். அதிலிருந்து இருபத்தாறாம் நாள் மதுரை ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கில் வருவாய் மாவட்டப் போட்டி. முதல் சுற்றில் எல்லாரையும் பின்னால் விட்டு ஓடியவள், அறுநூறு மீட்டரில் நின்றுவிட்டாள். விழவில்லை, சுளுக்கில்லை. தடத்தை விட்டு உள்ளே நடந்துபோய்ப் புல்லில் உட்கார்ந்தாள்.

இவள் தனியொரு பெண் அல்ல. மதுரை வட்டாரப் பள்ளிகளில் இதுபோல நடப்பவற்றை, யாருடைய அடையாளமும் தெரியாதபடி ஒன்றாக்கி எழுதிய நிகழ்வு இது. நேரக் கணக்குகளும் அப்படியே: அளவுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியவை, பதிவேட்டில் தேட வேண்டியவை அல்ல. உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் வகுப்பாசிரியர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதப்பட்டது.

வீடு

கூட்டுக் குடும்பம். அப்பத்தா, அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி, இவள், ஏழாம் வகுப்புத் தம்பி, சித்தப்பாவின் இரண்டு சின்னப் பிள்ளைகள். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுநர். விடியுமுன் சுற்று வட்டாரத்து மல்லிகை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போவார். போகிற வழியில்தான் பள்ளி மைதானம். நாலே முக்காலுக்கு மகளை ஏற்றி, ஐந்தேகாலுக்கு உடற்கல்வி டீச்சரிடம் விட்டுவிட்டுப் போவார். அவள் ஓட்டக்காரியானதற்கு அந்த லோடு ஆட்டோவின் நேரம் ஒரு பெரிய காரணம். திறமை அப்புறம்.

ஜூலையில் குறுவட்டப் போட்டியில் அவள் ஓடிய நேரம் 2 நிமிடம் 34 விநாடி. இருநூறு மீட்டருக்கு ஒரு தடவை பிரித்தால் 37, 38, 40, 39. கடைசி இருநூறு மூன்றாவதைவிடக் குறைந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். 800 மீட்டரில் மூன்றாவது இருநூறுதான் ஓட்டக்காரரை உடைக்கும் இடம். அங்கே ஒரு குரல் இருந்தால் உதவும். பள்ளி மைதானம் இருநூறு மீட்டர் மண் தடம். மூன்றாவது சுற்று முடிகிற இடத்தில் ஒரு வேப்பமரம். ஞாயிற்றுக்கிழமை நேரம் பார்க்கும் ஓட்டங்களின்போது அப்பா அங்கே நின்று "கையை வீசுத்தா" என்று கத்துவார். ரேஸ்கோர்ஸில் நானூறு மீட்டர் தடம் என்பதால் அதே அறுநூறு மீட்டர், கடைசி வளைவு தொடங்கும் இடத்துக்கு வரும். அங்கேயும் போய்க் கம்பியோரம் நிற்பார். மாவட்டப் போட்டி முடிந்து மூன்று வாரம் வரை இந்த விவரம் பள்ளியில் யாருக்கும் தெரியாது.

முதல் பதினாறு நாள்

பெரியாஸ்பத்திரியில் பிரேதப் பரிசோதனை முடிந்து உடல் வந்தபோது மாலை ஆகிவிட்டது. கொள்ளி வைத்தது பன்னிரண்டு வயதுத் தம்பி. மூன்றாம் நாள் பால் தெளிப்பு, பதினாறாம் நாள் காரியம், அன்று அம்மாவுக்குப் பூவும் வளையலும் எடுத்தார்கள். மகளுக்கு அந்த நாள்தான் இறந்த நாளைவிடக் கனமாக இருந்தது என்று அம்மா பிறகு சொன்னார். இப்படிப்பட்ட வீட்டில் பள்ளிப் பிள்ளைக்கு என்ன ஆகிறது என்பதை மூன்றாகப் பார்க்கலாம்: தூக்கம், சாப்பாடு, பேச்சு.

கேதம் கேட்க வருகிறவர்கள் இரவு பதினோரு மணி வரை வருவார்கள்; ஒப்பாரி விடிகாலையிலேயே தொடங்கும். மூத்த பெண் என்பதால் காப்பி போட்டுக் கொடுக்கிற வேலை இவளுடையது. பதினாறு நாளும் ஐந்து மணி நேரத்துக்குமேல் சேர்ந்தாற்போலத் தூங்கவில்லை. வீட்டில் கவிச்சி கிடையாது, முட்டையும் சேர்த்துத்தான். நினைத்தபோதெல்லாம் வரக்காப்பி. சோறு இரண்டு கவளம்.

பேச்சுதான் மோசம். வந்தவர்களில் பாதிப்பேர் அவளிடம் சொன்னது ஒரே வரி: "ஏத்தா, இனிமே நீதான் மூத்தது, அம்மாவையும் தம்பியையும் நீதான் பாக்கணும்." தம்பியிடம் சொன்னது: "இனி நீதான்டா இந்த வீட்டுக்கு ஆம்பள." ஆறுதலாக நினைத்துத்தான் சொல்கிறார்கள். கேட்கிற பிள்ளைக்கோ அது வேலை உத்தரவு. அழுவதற்கு இருந்த அனுமதியை அந்த வரி பிடுங்கிக்கொள்கிறது.

பள்ளி செய்த பிழைகள்

பத்தொன்பதாம் நாள் பள்ளிக்கு வந்தாள். காலை வழிபாட்டில் அவளை வரிசையில் நிறுத்திக்கொண்டே இரண்டு நிமிட மௌனம். எண்ணூறு பிள்ளைகளும் கண்ணை மூடவில்லை, அவளைத்தான் பார்த்தார்கள். அஞ்சலி செலுத்துவதானால் பிள்ளை திரும்பி வருவதற்கு முன்பே செலுத்திவிட வேண்டும். வருகிற நாளில் எதுவும் கூடாது. அன்று தேவைப்படுவது அதே பெஞ்சு, அதே பக்கத்துப் பிள்ளை, விட்டுப்போன பாடத்துக்கு யாருடைய நோட்டு என்ற ஏற்பாடு. அவ்வளவுதான்.

அடுத்தது, மாவட்டப் போட்டி. பெயரை எடுத்துவிடலாமா என்று பேச்சு வந்தபோது ஒரு சாரார் "ஓடினால் மனசு மாறும்" என்றார்கள். அவளும் ஓடுகிறேன் என்றாள். இந்த வயதில், இந்த நிலையில், பெரியவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்கிற "சரி"யைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. போட்டிக்கு முன் கிடைத்தது நான்கு நாள் பயிற்சி. தடத்துக்குப் போகிற வழியில் யாரோ முதுகில் தட்டி, "அப்பாவுக்காக ஓடுத்தா" என்றும் சொல்லியாயிற்று.

முதல் இருநூறு 33 விநாடி. நானூறு 70. அறுநூறு 1 நிமிடம் 53. அங்கேயே நின்றாள்.

உடலியல் ரீதியில் இதில் புதிர் இல்லை. இரண்டரை வாரம் ஓடாமல் இருந்தால் முதலில் இறங்குவது தாக்குப்பிடிக்கும் திறன். இரத்தத்தின் நீர்மப் பகுதி முதல் சில நாட்களிலேயே குறையத் தொடங்கும், இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளும் இரத்தம் குறையும். வேகம் அவ்வளவு சீக்கிரம் போகாது. அதனால்தான் இடைவெளிக்குப் பிறகு ஓடுகிறவருக்கு முதல் சுற்று ஏமாற்றும். கால் பழைய வேகத்தைத் தரும், மூச்சு தராது. 2:34 ஓடுகிறவளுக்குச் சீரான முதல் சுற்று 77. அவள் போனது 70. ஏழு விநாடிக் கடனை மூன்றாவது இருநூறு வட்டியோடு கேட்டது, 43 விநாடியாக.

இந்தக் கணக்கு சரி. ஆனால் இதுவே முழுக் காரணம் என்று ஆசிரியை எழுதி முடித்திருந்தால் தவறாகப் போயிருக்கும். 43 விநாடியில் இருநூறைக் கடந்த பெண் ஐம்பதிலாவது முடித்திருக்கலாம். ஏன் சரியாக அந்த இடத்தில் நின்றாள்?

டீசல் நோட்டு

பதில் வந்தது அம்மாவிடமிருந்து. போட்டிக்குப் பிறகு இரண்டு வாரம் அவள் மைதானத்துக்கு வரவில்லை. அப்பா பேரைக் கெடுத்துவிட்டோம் என்று நம்பினாள். "அப்பாவுக்காக ஓடு" என்று அனுப்பினால் தோல்வியும் அப்பாவுக்காகத்தான் ஆகும். ஆசிரியை வீட்டுக்குப் போனபோது அம்மா லோடு ஆட்டோவின் டீசல் கணக்கு நோட்டை எடுத்துக் காட்டினார். பின்பக்கத்திலிருந்து திருப்பினால் மகளின் நேரங்கள், ஒன்றரை வருடத்துக்கு. சில இடங்களில் "வேப்பமரம் – கத்தினேன் – கை வீசினாள்" என்றுகூட எழுதியிருந்தார்.

அந்த நோட்டிலிருந்துதான் சரியான வேலை தொடங்கியது. அன்று அம்மா, சித்தி, ஆசிரியை மூவரும் உட்கார்ந்து, அவள் ஓடுவதற்காக அப்பா என்னென்ன செய்துகொண்டிருந்தார் என்று எழுதினார்கள். பதினான்கு வந்தது. பெற்றோரை இழந்த விளையாட்டுப் பிள்ளைக்கு மனநலம், ஊக்கம், உதவித்தொகை என்று எதைத் தொடங்குமுன்பும் இந்தப் பட்டியலை எழுதச் சொல்வோம். காரணம் எளிது. துக்கத்தை யாரும் எடுத்துவிட முடியாது. நாலரை மணிக்கு எழுப்பிவிடுகிற வேலையை யாராவது எடுத்துக்கொள்ள முடியும்.

எழுப்புவது. வண்டியில் விடுவது. அம்மா பால் கறக்கிற நேரத்தில் இரண்டு முட்டை அவிப்பது. தண்ணீர் பாட்டில். நனைந்த ஷூவுக்குள் காகிதம் திணித்து நிழலில் காயவைப்பது (வெயிலில் வைத்தால் அடிப்பசை விட்டுவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது). மார்பு எண் குத்த நான்கு ஊக்கு. பெற்றோர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து. வெளியூர்ப் போட்டிக்குக் கைச்செலவு. நேரம் எழுதுவது. அறுநூறில் நிற்பது. இன்னும் சில. இதில் யார் கண்ணிலும் படாமல் இருந்தது ஒன்று: "வயசுப் புள்ள அரைக்கால் டவுசர் போட்டுக்கிட்டு ஓடணுமா" என்று உறவில் யாராவது கேட்டால், "ஓடட்டும் விடுங்க" என்று சொல்லி முடிப்பது. வீட்டுக்குள் அவளுக்காகப் பேசிய ஒரே வாய் அது. அப்பா போனதும் மறுப்பவர்கள் கூடிவிடவில்லை. மறித்துப் பேச ஆள் இல்லாமல் போனது, அவ்வளவுதான்.

பட்டியலை ஒரே ஆளிடம் கொடுக்கக் கூடாது. ஒருவர் இரண்டாவது அப்பா ஆகிவிட்டால் பிள்ளைக்கும் பிடிக்காது, அந்த ஒருவர் மூன்று மாதத்தில் களைத்தும்விடுவார். கூட்டுக் குடும்பத்தின் பலம் இங்கேதான் உதவியது. முட்டை சித்தியிடம் போனது. கையெழுத்து அம்மாவிடம், கைநாட்டு வைக்கிறவர் கையெழுத்துப் போடப் பழகினார், அது தனிச் சந்தோஷம். நேரம் எழுதுவது தம்பியிடம். வண்டிதான் சிக்கல். சித்தப்பாவுக்கு அந்த நேரத்தில் மில் வேலை. இருட்டில் தனியாக அனுப்ப முடியாது, அனுப்பவும் கூடாது. பயிற்சியையே மாற்றினார்கள்: காலைக்குப் பதில் மாலை 4:40 முதல் 6 மணி வரை, அதே வழியில் போகும் இன்னும் இரண்டு மாணவிகளோடு பெண்களுக்கான கட்டணமில்லா டவுன் பஸ்ஸில் வீடு. பஸ் தவறினால் யாரை அழைப்பது என்று தாய்மாமன் எண் டீச்சர் கைப்பேசியில். மாலை வெயிலில் மண் தடம் சுடும். அதனால் முதல் இருபது நிமிடம் மரநிழலில் உடற்பயிற்சி, ஐந்து மணிக்குமேல் ஓட்டம்.

கால் ஏன் கனத்தது

திரும்ப ஓடத் தொடங்கிய பிறகும் "கால் கனக்குது டீச்சர்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். மனபாரம் என்று எல்லாரும் முடிவு கட்டினார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் 9.8 கிராம் (100 மி.லி. இரத்தத்தில்). இந்த வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனாலே இரத்தசோகை.

ஒன்றரை மாதத்தில் இவ்வளவு இறங்காது. முன்பே குறைவாக இருந்து, முட்டையும் சுவரொட்டியும் (ஆட்டு மண்ணீரல்) பள்ளியில் தரும் வாராந்திர இரும்புச்சத்து மாத்திரையும் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்திருக்கின்றன. மூன்றும் ஒரே நாளில் நின்றன. போதாக்குறைக்கு வரக்காப்பி, காப்பியும் தேநீரும் சாப்பாட்டோடு சேர்ந்தால் இரும்பு உடலில் சரியாக ஏறாது. மருத்துவர் தினசரி மாத்திரை கொடுத்தார். கொய்யா, எலுமிச்சை சேர்த்துக்கொள்வது, மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காப்பி இல்லை என்பது, மலம் கறுத்துப் போவது இயல்பு என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது (சொல்லாவிட்டால் பயந்து நிறுத்திவிடுவார்கள்), நான்கு வாரத்தில் மறுபரிசோதனை. நான்கு வாரத்தில் ஒரு கிராம் அளவுக்கு ஏறினால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். அவளுக்கு 10.9 வந்தது. எண் சரியான பிறகும் சேமிப்பு நிரம்ப மேலும் சில மாதம் மாத்திரை தொடரும்.

துக்கத்தில் இருக்கும் பிள்ளை சொல்லும் உடல் தொல்லையை எல்லாம் மனசுக் கணக்கில் எழுதிவிடுவது படித்தவர்கள் செய்யும் பிழை. மாதவிலக்கு இரண்டு மாதம் தள்ளிப்போயிருந்ததையும் டீச்சர் கேட்டதால்தான் சொன்னாள்.

மறுபடி ஓடிய வரிசை

முதல் வாரம் மூன்று நாள், 20 நிமிடம், மூன்று நிமிடம் மெல்லோட்டம் ஒரு நிமிடம் நடை. கடிகாரம் கிடையாது. இரண்டாம் வாரம் நான்கு நாள், தொடர்ந்து 25 நிமிடம், கடைசியில் 80 மீட்டர் தளர்வு வேக ஓட்டம் நான்கு. மூன்றாம் வாரம் 200 மீட்டர் ஆறு தடவை, ஒவ்வொன்றும் 42 விநாடி, நடுவில் இரண்டு நிமிட நடை. போட்டி வேகம் 38.5 இருக்க 42 ஏன்? ஓடி முடித்தபின் "இன்னும் ஒண்ணு ஓடவா" என்று கேட்கிற நிலையில் நிறுத்துவதற்காக. நான்காம் வாரம் 400 மீட்டர் மூன்று தடவை, 86 விநாடி. 600 மீட்டர் ஆறாம் வாரம் வரை கிடையாது. அந்தத் தூரத்தை வேண்டுமென்றே தள்ளிவைத்தார்கள்.

காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே நாடித்துடிப்பை ஒரு நிமிடம் எண்ணித் தம்பியிடம் சொல்ல வேண்டும். அவளுக்கு வழக்கம் 62. பத்துக்குமேல் கூடியிருந்தால் அன்று மெல்லோட்டம் மட்டும். முதல் மாதத்தில் அப்படி ஆறு நாள் வந்தது. அதில் நான்கு, உறவினர் வீட்டுக்கு வந்துபோன மறுநாள்.

பேச்சுக்கும் ஒரு ஒழுங்கு. "எப்படி இருக்க?" என்று கேட்டால் "நல்லாருக்கேன் டீச்சர்" என்றுதான் வரும். "நேத்து எத்தனை மணிக்குப் படுத்த?", "மத்தியானம் என்ன சாப்பிட்ட?" என்று கேட்டால் உண்மை வரும். ஒருமுறை மட்டும் தெளிவாகச் சொல்லிவைத்தார்: "அப்பாவப் பத்திப் பேசணும்னு தோணுனா பேசு. தோணலையா, ஓடு. ரெண்டும் சரிதான்." பிள்ளைகளின் துக்கம் விட்டுவிட்டுப் பெய்யும் மழை மாதிரி, பத்து நிமிடம் அழுது பதினோராம் நிமிடம் தோழியோடு சிரிப்பார்கள். சிரித்ததைப் பார்த்து "அதுக்குள்ள மறந்துட்டா" என்று சொன்ன உறவுக்காரரால் அவள் ஒரு வாரம் சிரிக்கவில்லை.

வருஷத்துக்குள்ள ஒரு நல்லது

மூன்றாம் மாதம் கல்யாணப் பேச்சு வந்தது. சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்புவதற்குள் ஒரு நல்ல காரியம் பார்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மூன்று வருடம் தள்ள வேண்டும் என்ற வழக்கம் இந்தப் பக்கம் பல வீடுகளில் உண்டு. தகப்பன் இல்லாத பெண்ணைச் சீக்கிரம் கரையேற்றிவிட வேண்டும் என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். அவளுக்குப் பதினெட்டு ஆகவில்லை. 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குழந்தைத் திருமணம். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு ஒரு அழைப்பு போதும். ஆனால் முதலிலேயே அழைத்தால் வீடு மூடிக்கொள்ளும், பெண் பள்ளியிலிருந்தே நின்றுவிடக்கூடும். தேதி குறித்துவிட்டார்கள் என்று தெரிந்தால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

இங்கே தேதி குறிக்கவில்லை. ஆசிரியை சித்தப்பாவிடம் போகாமல் தாய்மாமனிடம் போனார். நம்மூரில் அக்கா மகள் விஷயத்தில் அவர் சொல்லுக்குத் தனி எடை.

"டீச்சர், ஊர்ல ஒரு முறைன்னு இருக்குல்ல. வருஷத்துக்குள்ள நல்லது நடக்கணும்."

"நடக்கட்டும்ணே. கல்யாணந்தான் நல்லதா? சித்தப்பா மகளுக்கு இன்னும் காது குத்தலைன்னு அம்மா சொன்னாங்களே."

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "மடியில வச்சுக் குத்துறதுக்கு அந்தப் புள்ளையோட மாமன்கிட்டயும் ஒரு வார்த்தை கேக்கணும்" என்றார். தை மாதம் காதுகுத்து நடந்தது. முறையோடு மோதாமல் முறைக்குள்ளேயே வழி தேடியது வேலை செய்தது. எல்லா வீட்டிலும் செய்யும் என்று சொல்ல முடியாது.

காகிதங்கள்

இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். முதல் தகவல் அறிக்கை நகல், பிரேதப் பரிசோதனைச் சான்று, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, எல்லாம் குறைந்தது ஐந்து நகல். வருவாய் ஈட்டும் தாயோ தகப்பனோ விபத்தில் இறந்தால் அரசு, அரசு உதவி பெறும் பள்ளி மாணவருக்கு ரூ.75,000 தமிழக அரசு தருகிறது. விண்ணப்பம் தலைமையாசிரியர் வழியாகப் போகும், இரண்டு பிள்ளை என்றால் இரண்டு விண்ணப்பம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மாதம் ரூ.4,000 ஆதரவுத்தொகைக்கு வருமான வரம்போடு விண்ணப்பிக்கலாம். தகுதி இருந்தால் அம்மாவுக்கு விதவை உதவித்தொகை (2023-இல் மாதம் ரூ.1,200 ஆக்கப்பட்டது). இழுபடுவது பெரும்பாலும் பெயரில்: ஆதாரில் ஓர் எழுத்து, இறப்புச் சான்றில் வேறு, பள்ளிப் பதிவேட்டில் தலைப்பெழுத்தே மாறியிருக்கும். முதல் மாதத்திலேயே மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டால் ஆறு மாத அலைச்சல் மிச்சம்.

தம்பி

எல்லார் கண்ணும் ஓடுகிற பெண் மேலேயே இருந்ததால் இவன் கவனத்திலிருந்து தப்பிவிட்டான். மொட்டைத் தலையோடு வகுப்புக்கு வந்தவனைக் கேலி செய்திருக்கிறார்கள். திங்கட்கிழமை தோறும் வயிற்றுவலி. கிரிக்கெட் ஆட்டத்தை விட்டான். நேரம் எழுதும் வேலை அவனுக்குக் கிடைத்தது தற்செயல். அதற்காக மைதானத்துக்கு வரத் தொடங்கி, நீளம் தாண்டுகிறவர்களோடு மணல் கிளறிக்கொண்டிருந்தான். வயிற்றுவலி டிசம்பர் வரை இருந்தது. இரண்டு வாரத்துக்குமேல் தூங்காமலோ, பள்ளியே வேண்டாமென்றோ, செத்துப்போகலாம் என்ற பேச்சோ எந்தப் பிள்ளையிடம் தென்பட்டாலும் காத்திருக்கக் கூடாது: மனநல உதவி எண் 14416-இல் பேசலாம், பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போகலாம். இந்த இரு பிள்ளைகளுக்கும் அது தேவைப்படவில்லை.

நாட்காட்டி

பயிற்சிக் குறிப்பேட்டில் தீபாவளி, பொங்கல், அப்பாவின் பிறந்தநாள், வருஷத் திதி நான்கையும் முன்கூட்டியே சிவப்பில் குறித்தார்கள். அந்த வாரங்களில் நேரம் பார்க்கும் ஓட்டம் இல்லை. குறிக்க மறந்தது சித்திரைத் திருவிழா. அழகர் எதிர்சேவைக்கு வருடா வருடம் அப்பாவின் லோடு ஆட்டோவில்தான் மொத்தக் குடும்பமும் போகும். அந்த வருடம் போகவில்லை. அந்த வாரம் முழுக்க நாடித்துடிப்பு எழுபத்தைந்துக்குக் கீழே வரவில்லை.

பதினொன்றாம் மாதம், பட்டியலை மறுபடி எடுத்துப் பார்த்தபோது பதின்மூன்று வேலைக்கு எதிரே பெயர் இருந்தது. அறுநூறில் நிற்பதற்கு யாரைப் போடலாம் என்று கேட்டதற்கு, "அங்க யாரும் வேணாம் டீச்சர்" என்றாள். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டார்கள்.

அதே வாரம் ரேஸ்கோர்ஸில் நேரம் பார்த்தார்கள். 37, 39, 42, 39. மொத்தம் 2 நிமிடம் 37. மூன்றாவது இருநூறு, முன்னதையும் பின்னதையும்விட இன்னும் மூன்று விநாடி கூடுதல். அடுத்த மூன்று வாரத்துக்கு, வாரம் ஒருமுறை 600 மீட்டர் மூன்று தடவை, 2 நிமிடம் 4 விநாடிக்கு, நடுவில் ஆறு நிமிட ஓய்வு.